சந்தாவும் முகவரியும்: வயதுவந்தோர் தளங்கள் புதுப்பிக்க வேண்டுமா, புதிதாகத் தொடங்க வேண்டுமா?

2024 மார்ச் 14 அன்று ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 18 ஓடிடி தளங்களை ஆபாச உள்ளடக்கத்தின் பேரில் முடக்கியது. 2025 ஜூலையில் மேலும் 25 தளங்கள் முடக்கப்பட்டன. இரு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் படிப்பவரின் கண்ணில் ஐந்து பெயர்கள் இருமுறை படும்: நியான் எக்ஸ் விஐபி, ஃபூகி, மூட் எக்ஸ், ட்ரை ஃப்ளிக்ஸ், மோஜ்ஃப்ளிக்ஸ். முதல் ஆணையில் மூடப்பட்டவை வேறு இணைய முகவரியில் மீண்டும் கடை விரித்திருந்தன. இரண்டாம் ஆணை அந்தப் புதிய கடைகளுக்கானது. முதல் முகவரியில் ஓராண்டுச் சந்தா கட்டியவர் இரண்டாம் முகவரியில் போய் மிச்ச மாதங்களைக் கேட்டிருக்க முடியுமா என்று எவரும் கேட்கவில்லை. அந்த முதல் முகவரியில் இருந்த ஒரு காட்சியை நீக்கக் கோரி மனுச் செய்திருந்த நடிகை எவரேனும் இருந்தால் அவருடைய மனு எங்கே போயிற்று என்றும் எவரும் கேட்கவில்லை.

சந்தா முறையில் இயங்கும் வயதுவந்தோர் தளம் இருப்பதையே ஒழுங்காகப் புதுப்பித்துக்கொண்டு போக வேண்டுமா, அல்லது இடைவிடாமல் புதிய தொடர், புதிய பெயர், புதிய தளம் என்று தொடங்கிக்கொண்டே இருக்க வேண்டுமா என்பது அத்தொழிலில் இருப்போருக்குப் பழைய கேள்வி. அதை வணிக உத்தி பற்றிய கேள்வியாக மட்டும் பார்ப்பதே வழக்கம். இத்தகைய உள்ளடக்கம் இருக்கலாமா கூடாதா என்னும் விவாதம் தனி. அதற்கு இங்கே இடமில்லை. இருக்கிறது, கோடிக்கணக்கில் பார்க்கப்படுகிறது என்னும் நிலையிலிருந்து தொடங்கினால், புதுப்பித்தலா புதுத்தொடக்கமா என்பது யார் யாருக்குப் பொறுப்பு என்னும் கேள்வியாக மாறுகிறது.

சந்தா என்பது பொருள் கைக்கு வருமுன் கொடுக்கப்படும் பணம். தமிழ்ப் புலத்தில் இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. மூன்று இதழோடு நின்றுபோன சிற்றிதழுக்கு ஆயுள் சந்தா கட்டிய பேராசிரியர்கள் எல்லாத் தமிழ்த் துறைகளிலும் உண்டு. சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959 முதல் 1970 வரை வந்தது என்பதை இலக்கிய வரலாறுகள் தனித்துக் குறிப்பிடுவதற்கு அதில் வெளியானவற்றின் தரம் மட்டும் காரணமன்று. வந்துகொண்டே இருந்தது என்பதும் ஒரு காரணம். ஆபாசத் தளத்தைப் பற்றிப் பேசும்போது 'எழுத்து'வின் பெயரை எடுப்பதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். உள்ளடக்கத்தில் ஒப்புமை ஏதுமில்லை. சந்தா வாங்கியவர் சந்தா கொடுத்தவருக்குக் கடன்பட்டவர் என்னும் கணக்கு மட்டும் இரண்டிடத்தும் ஒன்றே.

பாலக்காட்டு எல்லைக்கு இந்தக் கேள்வி இணையத்தோடு வந்ததன்று. சித்தூர் வட்டத்தின் பெருமாட்டி பொள்ளாச்சிக்கு அண்டையில் இருப்பது. தமிழும் மலையாளமும் ஒரே டீக்கடையில் ஒலிக்கும் ஊர்ப்பகுதி. 2000இல் 'கின்னாரத்தும்பிகள்' வெளியாகி, ஷகீலா என்னும் பெயர் தென்னிந்தியா முழுவதும் பரவியபோது, அந்த அலை மொழிமாற்றம் பெற்றுத் தமிழ்நாட்டுக்குள்ளும் நுழைந்தது. மலையாளத்தில் இவ்வகைப் படங்களுக்கு அதற்கு முன்பே ஒரு வரலாறு உண்டு; 1988இல் வந்த 'ஆதிபாபம்' பெரும்பாலும் தொடக்கமாகச் சுட்டப்படும். ஆனால் 2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் நிகழ்ந்தது வேறொன்று. குறைந்த செலவில், சில நாள் படப்பிடிப்பில், ஒன்றன்மேல் ஒன்றாகப் படங்கள் வந்து குவிந்தன. ஒவ்வொன்றும் புதுப்படம், ஒவ்வொன்றுக்கும் புதுச் சுவரொட்டி, மொழிமாற்றத்தில் இன்னொரு புதுப்பெயர். படத்துக்குள் இருந்தது என்னவோ பெரும்பாலும் ஒன்றேதான்.

அப்படங்களின் உண்மையான சரக்கு படத்தில் இல்லை என்பதும் அக்காலப் பார்வையாளர் அறிந்ததே. தணிக்கைச் சான்று பெற்ற படத்தின் நடுவே, திரையரங்கில் வைத்து ஒட்டிச் சேர்க்கப்பட்ட சில நிமிடக் காட்சிக்காகவே கூட்டம் வந்தது. மலையாளத்தில் அதற்குத் 'துண்டு' என்று பெயர், தமிழில் 'பிட்டு'. அதனால் அப்படங்களே 'பிட்டுப் படம்' ஆயின. தர்ஷனா ஸ்ரீதர் மினி 2024இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வழி வெளியிட்ட 'ரேட்டட் ஏ' என்னும் நூல் இந்தத் தொழிலின் உள்ளமைப்பை விரிவாக ஆராய்கிறது. வங்கதேசத் திரைத்துறை பற்றி லாட்டே ஹோக் எழுதிய 'கட்-பீசஸ்' அதனோடு சேர்த்துப் படிக்கத்தக்கது. துண்டில் இருக்கும் உடல் யாருடையது என்பது படத்தின் எழுத்தோட்டத்தில் இராது. நாயகியின் உடலுக்கு மாற்றாக வேறொரு பெண்ணின் உடல் பயன்பட்டதுண்டு. படத்தில் நடித்தவருக்குத் தெரியாமலே துண்டு சேர்க்கப்பட்டதும் உண்டு. சுவரொட்டியில் முகம் கொடுத்தவர் பழியைச் சுமந்தார். துண்டில் உடல் கொடுத்தவர் பெயரற்றுப் போனார். ஆய்வு வந்துவிட்டால் திரையிடும் அறையில் துண்டு கழற்றப்பட்டுவிடும். தயாரிப்பாளரைக் கேட்டால் 'எம் படத்தில் அது இல்லை' என்பார். விநியோகஸ்தரும் அதையே சொல்வார். பொறுப்பேற்க எவருமில்லாத அந்தப் பிட்டுக்கு இணையத்தில் முழுநீள வாழ்வு கிடைத்ததே இன்றைய தளங்களின் கதை என்று கூறினால் மிகையாகாது.

அந்த அலை சில ஆண்டுகளிலேயே ஓய்ந்தது. குறுந்தகடும் இணையமும் காரணமாகச் சொல்லப்படுகின்றன, அது சரியே. ஆயினும் புதுப்பெயரை மட்டுமே விற்ற தொழில், பெயர்கள் தீர்ந்தபோது விற்க வேறொன்றும் இல்லாமல் நின்றது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெருமாட்டியின் தோட்டக்காரர்களுக்கு இது விளங்கும். மழைமறைவுப் பகுதி, பழைய கிணற்றைத் தூர்வாரும் செலவுக்கு அஞ்சி அடுத்த ஆழ்துளைக் கிணறு போட்டவர் அதற்கடுத்ததையும் போட வேண்டியவராகிறார்.

புதுத்தொடக்கத்தின் பக்கம் வலுவான வாதம் இல்லாமல் இல்லை. பாலுணர்வைத் தூண்டும் உள்ளடக்கம் ஒருமுறை பார்த்ததும் ஆற்றல் குறைவது. பார்வையாளர் தேடுவது புதுமையை. ஆகவே புதுமையே சரக்கு என்பர். இதில் உண்மை உண்டு. இந்தியச் சூழல் அந்த உந்துதலை இன்னும் கூர்மையாக்குகிறது. ரிசர்வ் வங்கியின் தானியங்கிக் கட்டண விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி ஒவ்வொரு முறை பணம் எடுக்கப்படுவதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்கு அறிவிப்புச் செல்ல வேண்டும். பிற சந்தாக்களுக்கு இது நுகர்வோர் பாதுகாப்பு. வயதுவந்தோர் தளத்துக்கோ, வீட்டில் பலர் கையிலும் புழங்கும் கைப்பேசியில் மாதந்தோறும் வந்து நிற்கும் ஒரு சங்கடம். அத்தகைய சந்தாதாரர் தொடர்ச்சியைவிடக் குறுகிய காலச் சந்தாவையே விரும்புவார் என்று கருத இடமுண்டு. அவரை மீண்டும் மீண்டும் புதிதாகப் பிடித்தாக வேண்டும். முன்னோட்டக் காட்சிகள் சமூக ஊடகங்களில் கொட்டப்படுவதன் காரணம் அதுவே. 2024 ஆணையில் தளங்களோடு 57 சமூக ஊடகக் கணக்குகளும் முடக்கப்பட்டன. அவற்றைப் பின்தொடர்ந்தோர் கூட்டுத்தொகை 32 இலட்சத்துக்கும் மேல் என்று அரசே தெரிவித்தது. முடக்கப்பட்ட செயலிகளுள் ஒன்றின் பதிவிறக்கம் மட்டும் ஒரு கோடியைத் தாண்டியிருந்தது.

ஆனால் புதுமைக்குப் புதுக்கடை தேவை என்னும் முடிவு இதிலிருந்து பெறப்படாது. 2008இல் தொடங்கிய 'சவிதா பாபி' சித்திரக்கதை அதற்கு எதிர்ச்சான்று. ஒரே பாத்திரம், எண்ணிட்ட அத்தியாயங்கள், இந்திய மொழிகள் பலவற்றில் பெயர்ப்பு. 2009இல் அரசு அத்தளத்தை முடக்கிய பின்னரும் கிர்த்து என்னும் சந்தாத் தளத்தில் அது தொடர்ந்தது. தென்னிந்தியக் குடும்பத்தலைவி ஒருத்தியை நாயகியாகக் கொண்ட 'வேலம்மா'வும் அங்கிருந்தே வந்தது. அடுத்த அத்தியாயம் வரும் என்னும் எதிர்பார்ப்பையே அது விற்றது. அதன் பெண்சித்திரிப்பு குறித்துக் கடுமையான விமர்சனம் சாத்தியம், தேவையும்கூட. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது வரைபடம். அத்தியாயம் எத்தனை வந்தாலும் எந்த உண்மைப் பெண்ணின் உடலும் அதற்காகக் கேமரா முன் நிற்கவில்லை. நடிகர்களைக் கொண்டு எடுக்கப்படும் தளங்களில் அந்த வசதி கிடையாது. அங்கே 'புதிது' என்னும் சொல்லுக்குப் புதிய ஆள் என்றே பொருள்.

வாரத்துக்கு ஒரு புதுவெளியீடு வேண்டும் என்று தன்னைக் கட்டிக்கொண்ட தளம் வாரத்துக்கு ஒரு புதுமுகத்தைத் தேடியாக வேண்டும். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க, இரண்டு நாள் யோசிக்க, வேண்டாம் என்று விலக அங்கே நேரமிராது. 2022இல் கேரளத்தில் எழுந்த ஒரு புகார் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. திருவனந்தபுரம் வட்டாரத்து இளைஞர் ஒருவர், வேறு வகைப் படம் என்று நம்பி ஒப்பமிட்ட பின்னர், இழப்பீட்டுத் தொகையைக் காட்டி மிரட்டி நடிக்க வைக்கப்பட்டதாகக் காவல்துறையை அணுகினார். புகாரின் முடிவு நீதிமன்றத்தின் பாற்பட்டது. புகாரின் வடிவமே இத்தொழிலைப் பற்றி நிறையச் சொல்கிறது. ஒப்பமிட்ட நாளுக்கும் படப்பிடிப்புக்கும், படப்பிடிப்புக்கும் வெளியீட்டுக்கும் இடையில் கேள்வி கேட்க இடமில்லாத வேகம் அதில் தெரிகிறது.

மேலைநாட்டுத் தளங்களை இதற்கு மாற்றாகக் காட்டுவது எளிது. ஆனால் அங்கும் ஒழுங்கு தானாக வரவில்லை. 2020 டிசம்பரில் விசாவும் மாஸ்டர்கார்டும் கட்டணச் சேவையை நிறுத்திய பின்னரே போர்ன்ஹப் தளம் அடையாளம் சரிபார்க்கப்படாதவர்கள் ஏற்றிய காணொளிகளைத் திரும்பப் பெற்றது. 2021 அக்டோபரிலிருந்து மாஸ்டர்கார்டு தன் வழி பணம் பெறும் தளங்களுக்கு நிபந்தனை விதித்தது: காட்சியில் தோன்றுவோரின் வயதும் ஒப்புதலும் ஆவணமாக இருக்க வேண்டும், புகார் ஏழு வேலை நாட்களுக்குள் தீர்க்கப்பட வேண்டும். ஒரு தனியார் அட்டை நிறுவனம் நாடாளுமன்றங்களின் வேலையைச் செய்ய நேர்ந்தது பெருமைக்குரிய செய்தி அன்று. ஆனாலும் அந்த நிபந்தனைகளை உற்று நோக்கினால், அவை யாவும் பழைய உள்ளடக்கத்தைப் பற்றியவை. ஆவணத்தைப் பேண வேண்டும். புகாரைக் கேட்க வேண்டும். நீக்க வேண்டியதை நீக்க வேண்டும். புதுப்பித்தல் என்னும் சொல்லுக்கு இத்துறையில் உரிய பொருள் இதுவே. மேலும் பத்துக் காணொளிகளைச் சேர்ப்பது அதன் ஒரு சிறு கூறு. ஏற்கெனவே இருக்கும் ஆயிரத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து, இதில் இருப்பவர் இன்றும் சம்மதிக்கிறாரா என்று கேட்பதே பெரும் கூறு.

ஒழுங்கான புதுப்பித்தலும் தன்னளவில் தூயதன்று. 2016இல் தொடங்கிய ஒன்லிஃபேன்ஸ் தளத்தில் சந்தா நேரடியாகப் படைப்பவருக்குச் செல்கிறது. தளம் 20 விழுக்காடு எடுத்துக்கொள்கிறது. நடுவே தயாரிப்பாளர் இல்லை என்பது பெரிய மாற்றம். ஆனால் சந்தாதாரர் விலகாதிருக்க அன்றாடம் ஏதேனும் பதிவிட்டாக வேண்டிய சுமை அந்த ஒருவர்மேல் விழுகிறது. காய்ச்சலுக்கும் விடுப்பில்லை. 2021 ஆகஸ்டில் வெளிப்படையான பாலியல் உள்ளடக்கத்தைத் தடை செய்யப்போவதாக அத்தளம் அறிவித்து, ஒரு வாரத்துக்குள் பின்வாங்கியபோது, எத்தனை பேரின் வாடகையும் அரிசியும் ஓர் அறிவிப்பில் தொங்கியிருந்தன என்பது வெளிப்பட்டது. ஆகவே ஒழுங்கு என்பதை நாள்தோறும் என்று பொருள்கொள்ளலாகாது. மாதம் ஒருமுறை, சொன்ன தேதியில் வருவதும் ஒழுங்குதான். சந்தாதாரருக்கு அது போதாதென்றால் அவர் விலகட்டும். அவரைப் பிடித்து வைக்க ஒரு மனிதரைத் தூங்கவிடாமல் செய்யும் உரிமை மாதச் சந்தாவில் அடங்காது.

இவ்வளவையும் தளங்களிடம் சொல்லிப் பயனுண்டா என்னும் கேள்வி எழும். இந்தியாவில் பயன் குறைவு என்பதே விடை. அதற்குச் சட்டத்தின் அமைப்பே முதற் காரணம். வயதுவந்த ஒருவர் தனிமையில் ஆபாசம் பார்ப்பது இந்திய தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவின்படி குற்றமாகாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2023 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. சிறாரைக் கொண்ட உள்ளடக்கம் இதற்குள் வராது. அதை வைத்திருப்பதே குற்றம் என்பதில் 2024 செப்டம்பர் உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் வயதுவந்தோர் உள்ளடக்கத்தைப் பொறுத்தமட்டில், வாங்குபவர் சட்டத்துக்கு உட்பட்டவர். அதை மின்னணு வடிவில் வெளியிட்டு விற்பவர் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகளின்கீழ்க் குற்றவாளி. வாடிக்கையாளர் உண்டு, கடைக்காரர் இருக்கக் கூடாது. இந்த நிலையில் நிலையான முகவரி வைத்திருப்பது கடைக்காரருக்குத் தற்கொலைக்கு ஒப்பாகும். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளில் குறைதீர் அலுவலர், 15 நாள் கெடு என்றெல்லாம் ஏட்டளவில் இருக்கலாம். தன் பெயரைச் சொன்னால் சிறை என்றிருப்பவர் அலுவலரின் பெயரை வெளியிடுவாரா? ஒவ்வொரு முடக்க ஆணையும் ஒரு புதுத்தொடக்கத்துக்கு நாள் குறித்துக் கொடுக்கிறது. வணிக ஆசை ஒரு புறமும் அரசின் ஆணை மறுபுறமும் இருந்து ஒரே திசையில் தள்ளுகின்றன.

உரிமம் கொடுத்தால் அங்கீகாரம் கொடுத்ததாகிவிடும் என்பது இதற்கு வழக்கமான மறுப்பு. இந்த மறுப்பைப் பெருமாட்டியில் நின்றுகொண்டு சொல்வது கடினம். பிளாச்சிமடையில் கோகோ-கோலா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 2000இல். கிணறுகள் வற்றின, இருந்த நீரும் குடிக்கத் தகாததாயிற்று என்று எரவாளர், மலசர் குடிகள் 2002 ஏப்ரலில் போராட்டத்தைத் தொடங்கினர், மயிலம்மா அதன் முகமானார். அப்போராட்டத்துக்கு நிர்வாகத்தின் வழி கிடைத்த முதல் பிடி எது? 2003இல் பெருமாட்டி ஊராட்சி ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. புதுப்பிக்க வேண்டிய உரிமம் ஒன்று இருந்ததால்தான் மறுக்க முடிந்தது. ஆலைக்கு ஒரு வாசல் இருந்தது. வாசலில் மக்கள் உட்கார முடிந்தது. ஊராட்சியின் கடிதம் அந்த வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. உரிமம் என்பது அனுமதி மட்டுமன்று என்பதை ஓர் ஊராட்சி அன்று காட்டியது. ஒருவேளை அந்த ஆலை மாதந்தோறும் புதுப்பெயரில், புது ஊரில் தோன்றி மறையும் ஒன்றாக இருந்திருந்தால் ஊராட்சி யாருக்கு எழுதியிருக்கும்?

இந்த உவமையை அதன் எல்லைக்கு மேல் இழுப்பது நேர்மையன்று. பிளாச்சிமடையின் இழப்பை 2010இல் உயர்நிலைக் குழு 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. 2011இல் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்ப்பாய மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறவில்லை. இழப்பீடு மக்கள் கைக்கு வரவில்லை. முகவரி இருந்தும் இந்நிலை. முகவரியே இல்லாத இடத்தில் என்ன கிடைக்கும் என்பதை அதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஆகவே தளங்கள் புதுத்தொடக்கத்தைக் குறைத்துப் புதுப்பித்தலை முதன்மையாக்க வேண்டும் என்பது ஒரு பாதி. அப்படிச் செய்யும் தளம் ஓரிடத்தில் நிலைத்து நிற்கச் சட்டம் இடந்தர வேண்டும் என்பது மறுபாதி. நிறுவனத்தின் பெயரும் பொறுப்பாளரின் பெயரும் பதிவில் இருத்தல், நடித்தவர் ஒவ்வொருவரின் வயதுச் சான்றும் ஒப்பந்தமும் பேணப்படுதல், ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமை ஒப்பந்தத்திலேயே எழுதப்படுதல், இவற்றைச் சோதித்து ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்கப்படுதல் என்று அதைத் தொடங்கலாம். பதிவு செய்யாமல் ஒளிந்து நடத்துவோர் அப்போதும் இருப்பர். ஆனால் இன்று எல்லாரும் ஒளிந்திருப்பதால், நடித்தவரை ஏமாற்றியவரையும் ஏமாற்றாதவரையும் பிரித்தறிய வழியே இல்லை.

ஊடக ஆய்வு மாணவர்களுக்கும் இதில் ஒரு பங்குண்டு. இத்தளங்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பார்வையாளரைப் பற்றியும் சித்திரிப்பைப் பற்றியும் அமைகின்றன. தொடுப்பு ஆறு மாதத்தில் இறந்துவிடுவதால் தரவு கிடைக்கவில்லை என்று முறையியல் இயலில் ஒரு பத்தி எழுதிவிட்டு நகர்வது வழக்கமாகிவிட்டது. இறந்த அந்தத் தொடுப்பே தரவு. ஒரு தளம் எத்தனை நாள் உயிரோடிருந்தது, எந்தப் பெயரில் மீண்டும் வந்தது, பழைய காட்சிகளில் எவை புதுப் பெயரோடு திரும்பின, புகார் முகவரி ஒன்று அதில் இருந்ததா, அதற்கு எழுதினால் பதில் வந்ததா என்று எவரேனும் இரண்டாண்டு உட்கார்ந்து பதிந்தால், துண்டில் உடல் கொடுத்துப் பெயரற்றுப் போனவர்களின் வரிசை எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது தெரியவரும்.